கேட்டால்தான் அவுட்

டன்வுட், நெப்ராஸ்கா
1974 ஜூன் 9, ஞாயிறு

அன்புள்ள தம்பி ஹார்லனுக்கு,

போனில் பேசினால் நீ பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதற்குள் நாலு வரியாவது கண்ணில் படும் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். அறுவடை எந்தெந்த ஊர் வழியாக வடக்கே போகும் என்று உன் முதலாளி ஆரினின் மனைவி டாரிஸ் எனக்குச் சொல்லிவிட்டாள். நீ கான்சஸில் இருந்தாலும் சரி, மொன்டானாவில் இருந்தாலும் சரி, உனக்கு முன்னால் என் கடிதம் போய் அந்த ஊர்த் தபால் நிலையத்தில் உட்கார்ந்திருக்கும்.

ஐம்பது வயதில் ஒருவன் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கோதுமை அறுக்கக் கிளம்பினால் அதற்குக் கடன் காரணமாக இருக்கும், இல்லாவிட்டால் ஒரு பெண். உனக்கு மட்டும்தான் பேஸ்பால் மைதானத்து இரண்டாவது பேஸ்.

என் பக்கத்தை நீ இதுவரை முழுசாகக் கேட்டதே இல்லை. இப்போது படி. போன ஜூலை, பன்னிரண்டு வயதுப் பையன்களின் மாவட்ட இறுதி ஆட்டம். நம் டன்வுட் அணிக்கு நீ கோச். வில்லோ பெண்ட் அணிக்கு ஆல்வின் ஸ்வோபோடா கோச். அம்பயர் நான் ஒருத்திதான், சுற்று வட்டாரத்தில் வேறு யாரும் அந்தத் திட்டை வாங்கத் தயாராக இல்லை. கடைசிச் சுற்று, இரண்டு பக்கமும் சமம். அவர்களுடைய டென்னி முதல் பேஸில் நிற்கிறான். அடுத்தவன் அடித்த பந்து வேலி வரை உருண்டு போகிறது. மூன்று பேஸையும் வரிசையாக மிதித்து ஹோமுக்குத் திரும்பினால்தான் ஓட்டம், டென்னி தலைதெறிக்க ஓடுகிறான். இரண்டாவது பேஸை மிதிக்காமல் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு மூன்றாவதுக்குப் போய், அங்கிருந்து ஹோமுக்கு வந்து சேர்கிறான். வில்லோ பெண்ட் ஜெயித்துவிட்டது.

நான் பார்த்தேனா? பார்த்தேன். ஒரு அடி தள்ளித்தான் ஓடினான். சொன்னேனா? சொல்லவில்லை. சொல்லக் கூடாது. பேஸை மிதிக்காமல் போனவனை அம்பயர் தானாக அவுட் கொடுக்க முடியாது. எதிரணிதான் பந்தை எடுத்துக்கொண்டு போய் அந்த பேஸை மிதித்து, இவன் இதைத் தொடவில்லை என்று அப்பீல் கேட்க வேண்டும். அதுவும் அடுத்த பந்து போடுவதற்குள். ஆட்டமே முடிந்துவிட்டது என்றால், மைதானத்தை விட்டு வெளியேறுவதற்குள். கேட்டால் கையை உயர்த்துவேன். கேட்காவிட்டால் என் வாயில் கொழுக்கட்டை.

அடுத்த ஞாயிறு வழக்கம்போல என் வீட்டில் மதியச் சாப்பாடு. நீ உன் பையன்களைத் திட்டிக்கொண்டே இருந்தாய். அவர்கள் மேல் தப்பில்லை, எனக்குப் பொறுக்கவில்லை.

"டென்னி ரெண்டாவது பேஸை மிதிக்கவே இல்லடா."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீ ஏன் கேக்கல?"

முள்கரண்டியை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாய். செர்ரி கேக்கைத் தொடக்கூட இல்லை. என் வீட்டுக்காரர் கார்ல் செத்த நாளிலிருந்து ஒரு ஞாயிறு தவறாமல் நீ உட்கார்ந்த நாற்காலி அன்றோடு காலி.

மார்ச்சில் ஆல்வின் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டார். சரி என்றேன். நீ உடனே இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டாய், அவருக்காகத்தான் அன்று நான் வாயை மூடிக்கொண்டேன் என்று. அந்த ஆட்டம் வரை நானும் அவரும் 'நல்ல வெயில்' என்பதற்கு மேல் பேசிக்கொண்டதில்லை. நீ நம்பப் போவதில்லை, தெரியும்.

கல்யாணம் ஆகஸ்ட் 24, சனிக்கிழமை, பகல் இரண்டு மணி, வில்லோ பெண்ட் தேவாலயத்தில். வாசலிலிருந்து பீடம் வரை பெண்ணுக்குப் பக்கத்தில் அவள் வீட்டு ஆள் ஒருவர் நடந்து வர வேண்டுமாம். யார் வருகிறார் என்று பாதிரியார் கேட்டுக்கொண்டே இருக்கிறார். நம் வீட்டில் மிச்சம் இருப்பது நாம் இரண்டு பேர்தான். தகவலுக்காக எழுதினேன்.

உன் அக்கா,
வெர்னா


கான்சஸ்
ஜூன் 18

அம்பயர் திருமதி வெர்னா லிண்ட்குவிஸ்ட் அவர்களுக்கு,

தங்கள் தகவல் கிடைத்தது. ஆகஸ்ட் கடைசியில் நாங்கள் மொன்டானாவில் இருப்போம். யார் கல்யாணத்துக்காகவும் கோதுமை காத்திருக்காது.

விதிப்புத்தகம் எனக்கும் தெரியும். நான் பேசுவது புத்தகத்தைப் பற்றி அல்ல. இத்தனை வருஷம் உங்கள் மேசையில் சாப்பிட்டவன் நான். நீங்கள் லேசாகத் தலையைச் சாய்த்திருந்தால் போதும், எனக்கு விளங்கியிருக்கும். ஒரு ஜாடை இல்லை, ஒரு கனைப்பு இல்லை. மரம் மாதிரி நின்றீர்கள்.

அந்த ஆளுக்காகத்தான் நீங்கள் சும்மா இருந்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. முடிவெட்டும் கடையில் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை, அவ்வளவுதான்.

இங்கே நன்றாக இருக்கிறேன். டாரிஸ் நன்றாகச் சமைக்கிறாள். பதில் தேவையில்லை.

ஹார்லன் க்ரோகர்


கான்சஸ்
ஜூலை 1

அம்பயர் அவர்களுக்கு,

இது கடிதம் அல்ல. விதி சம்பந்தமாக ஒரு கேள்வி. கேட்பதற்கு எனக்குத் தெரிந்த அம்பயர் வேறு யாரும் இல்லாததால் உங்களுக்கு எழுத வேண்டியிருக்கிறது. இதை வைத்து நான் பேச ஆரம்பித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

சனிக்கிழமை மழை. கோதுமை ஈரமாக இருந்தால் மெஷின் அறுக்காது. ஞாயிறு மத்தியானம் இந்த ஊர்ப் பையன்களுக்கு ஆட்டம் இருந்தது. அம்பயருக்குக் காதுவலி என்று வரவில்லை. நாங்கள் வேலை இல்லாமல் வேலியோரம் உட்கார்ந்திருந்தோம். ஆரின் என் முதுகில் தட்டி, "இவனக் கூட்டிட்டுப் போங்க. அம்பயருங்க கூடச் சண்ட போட்டே எல்லா விதியும் கத்துக்கிட்டவன்" என்று பிடித்துக் கொடுத்துவிட்டான்.

மூன்றாவது சுற்றில் ஒருவன் மூன்றாவது பேஸைத் தாண்டி ஹோமுக்குப் பாதி தூரம் ஓடினான். ஹோமில் நின்ற கேட்சர் கையில் பந்தைப் பார்த்ததும் பயந்துபோய்த் திரும்பினான். அதற்குள் பின்னால் வந்தவன் அதே மூன்றாவது பேஸில் ஏறி நின்றுகொண்டிருந்தான். இவனும் வந்து ஏறினான். ஒரு பேஸில் இரண்டு பேர், ஒருவன் இடுப்பை ஒருவன் பிடித்துக்கொண்டு. எதிரணிக்காரன் இரண்டு பேர் மேலும் பந்தை வைத்துத் தொட்டான். ஊரே என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் இரண்டு பேரும் அவுட் என்றேன்.

அதற்கப்புறம் நடந்த சத்தத்தை எழுத முடியாது. ஒரு அம்மா நாற்காலியை விட்டு எழுந்து வந்து, "யோவ், கோதுமையாவது ஒழுங்கா அறுப்பியா, இல்ல அதுலயும் இப்பிடித்தானா?" என்று கேட்டாள்.

நான் கொடுத்தது சரியா? ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். பத்தாம் தேதிக்கு மேல் நெப்ராஸ்காவின் மேற்கு ஓரத்தில் இருப்போம்.

ஹா. க்ரோகர்


டன்வுட்
ஜூலை 6

ஹார்லனுக்கு,

இல்லை.

நீ கேட்ட ஒரு வார்த்தை அதுதான், கொடுத்துவிட்டேன். மிச்சம் என் சந்தோஷத்துக்கு எழுதுவது, படிப்பதும் படிக்காததும் உன் இஷ்டம்.

ஒரு பேஸ் ஒருவனுக்குத்தான் சொந்தம். இந்த மாதிரி நேரத்தில் முன்னால் ஓடினவனுக்குச் சொந்தம். பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவன் மேல் பந்து பட்டால் அவன் மட்டும் அவுட். நீ செய்ய வேண்டியது, இரண்டு பேரையும் விரலால் சுட்டி, "நீ அவுட், நீ இங்கயே நில்லு" என்று தொண்டை கிழியச் சொல்வது. மெதுவாகச் சொன்னால் என்ன ஆகும் தெரியுமா? நிற்க வேண்டியவன் தான்தான் அவுட் என்று நினைத்து இறங்கி நடப்பான். நடந்தவனைத் தொட்டால் அவனும் அவுட். அப்புறம் இரண்டு ஊர் அம்மாக்களும் உன்னைத் தேடுவார்கள். எனக்கு முதல் வருஷம் இப்படி ஆகி, ஆட்டம் முடிகிற வரைக்கும் முகம் மறைக்கிற மாஸ்க்கைக் கழற்றவே இல்லை.

அந்த அம்மாவின் கேள்விக்கு நீ என்ன பதில் சொன்னாய்? எழுது. சிரித்துச் சிரித்துக் காபியைக் கொட்டிவிட்டேன்.

இன்னொன்று. வேறு யாரோ சொல்லி உனக்குத் தெரிய வேண்டாம். நீ விட்டுவிட்டுப் போன பையன்களுக்குக் கோச் கிடைக்கவில்லை. ஆட்டத்தன்று டென்ட்டல் கிளினிக் வைத்திருக்கிற ப்ரூஸ் வந்து நிற்கிறான், அவனுக்குப் பந்தும் தெரியாது, பையன்களையும் தெரியாது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பயிற்சிக்கு மட்டும் ஒருவர் வருகிறார். அவர் பெயர் ஆல்வின்.

வெர்னா


நெப்ராஸ்கா, மேற்கு ஓரம்
ஜூலை 15

வெர்னா,

ஆல்வினா? என் பையன்களுக்கா? எதிரணிக் கோச்சைக் கூட்டிக்கொண்டு வந்து நடு மைதானத்தில் நிறுத்தியிருக்கிறாய், ஊரில் ஒருத்தருக்கும் ரோஷம் இல்லையா? அந்த ஆளுக்குப் பந்து அடிக்கச் சொல்லித்தரவே தெரியாது. முழங்கையை மடக்கு, மடக்கு என்று சொல்லியே பையன்களைக் கோழி மாதிரி ஆக்கிவிடுவார். நம் டுவேன் ஏற்கெனவே கோழி.

இவ்வளவு கோபத்தில் 'நீங்கள்' போட மறந்துவிட்டேன். திருப்பி எழுதப் பொறுமை இல்லை. இருக்கட்டும்.

அந்த அம்மாவிடம், "கோதுமை என்னத் திட்டாதும்மா" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். மறுநாள் எங்கள் கூடாரத்துக்கு உருளைக்கிழங்கு சாலட் கொடுத்தனுப்பினாள்.

இங்கேயும் அம்பயர் வேலை என் தலையில்தான். ஆரின் போகிற ஊரில் எல்லாம், "எங்கிட்ட ஒரு அம்பயர் இருக்கான், கொஞ்சம் ரிப்பேர், ஆனா ஓடுவான்" என்று சொல்லிவைக்கிறான். நேற்று இப்படி ஆனது. முதல் பேஸில் ஒருவன். இருக்கிறதிலேயே குள்ளமான பையன் அடித்தான், பந்து எல்லோர் தலைக்கும் மேலே போனது. பிடித்துவிடுவார்களோ என்று முதல் பேஸ் பையன் நடுவழியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். குள்ளன் வாழ்நாளில் அப்படி அடித்ததில்லை போலிருக்கிறது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவன், நின்றவனைத் தாண்டி இரண்டாவது பேஸுக்கே போய்விட்டான். நான் உடனே கையை உயர்த்தி, தாண்டிப் போனவன் அவுட், நின்றவன் ஓடலாம் என்று கத்தினேன். தொண்டை கிழிய, நீ சொன்னபடி. குள்ளன் அழுதான். எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அது சரிதானே? சரி என்றால் எனக்கு ஒன்று புரியவில்லை. அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானாகத்தான் கொடுத்தேன். ஓட்டக்காரன் ஓட்டக்காரனை முந்தினால் கேட்காமல் கொடுக்கலாம், பேஸை விட்டால் மட்டும் கேட்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டுமா? எந்தப் புண்ணியவான் எழுதினான் இந்த விதியை?

ஹார்லன்

டுவேனிடம் முழங்கையை மடக்க வேண்டாம் என்று சொல்.


டன்வுட்
ஜூலை 20

தம்பி,

சரி. முழுக்க முழுக்கச் சரி. அழகான தீர்ப்பு. கடிதத்தைத் தபால் நிலையத்திலேயே நின்று படித்துவிட்டு, அங்கே இருந்த எல்லோரிடமும் என் தம்பி நல்ல அவுட் கொடுத்திருக்கிறான் என்று சொன்னேன். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

உன் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான். ஒருவன் ஒருவனை முந்துவது ஊரறிய நடக்கிறது, அதில் யாருடைய சாமர்த்தியமும் இல்லை. பேஸை விட்டது அப்படி இல்லை. எல்லோரும் பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எவனோ ஒருவன் காலைப் பார்த்திருந்தால்தான் அது தெரியும். அந்தக் கவனத்துக்குத்தான் அவுட். அதை நான் எடுத்துச் சொன்னால், ஒன்பது பேர் ஆடுகிற ஒரு பக்கத்துக்குப் பத்தாவது ஆளாக இறங்கி ஆடின மாதிரி. வில்லோ பெண்ட் பையன்களும் பன்னிரண்டு வயதுதான், அவர்களுக்கும் அழுகை வரும். நீ என்னை மரம் என்று எழுதினாய். அம்பயர் கொஞ்சம் மரமாகத்தான் இருக்க வேண்டும்.

டுவேனிடம் சொல்லிவிட்டேன். ஆல்வினிடமும் சொன்னேன். அவர், "ஹார்லன் சொன்னா சரியாத்தான் இருக்கும், அந்தப் பையனோட கையி அவருக்குத்தான தெரியும்" என்றார். நான் இட்டுக்கட்டவில்லை. உன்னைத் திட்ட அவருக்கு வரவில்லை, என்ன செய்யச் சொல்கிறாய்?

வரைபடத்தைப் பார்த்தேன். நீ இப்போது இருக்கிற இடத்திலிருந்து நம் ஊருக்கு ஒரு நாள் பஸ். வடக்கே போய்விட்டால் தூரம். நான் ஒன்றும் கேட்கவில்லை, வரைபடத்தில் இருப்பதைச் சொன்னேன்.

கல்யாணத்துக்கு எனக்கு நீல நிறக் கவுன் தைத்திருக்கிறேன். பாதிரியார் மறுபடியும் கேட்டார். இன்னும் தெரியவில்லை என்றேன்.

வெர்னா


வட டகோட்டா
ஆகஸ்ட் 5, திங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் எழுதாமல் இருந்துவிட்டேன். அந்த ஒரு நாள் பஸ்ஸை நான் ஏறவில்லை. ஏறப் போய், டிக்கெட் ஜன்னல் வரைக்கும் போய்த் திரும்பினேன் என்பது உனக்குத் தெரிய வேண்டும். ஏன் திரும்பினேன் என்று கேட்டால் எனக்கே தெரியவில்லை.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். இந்த ஊர் அணி இந்தக் கோடையில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. பக்கத்து ஊரோடு ஆட்டம், ஒரு ஓட்டம் பின்தங்கி இருந்தார்கள். இரண்டாவது பேஸில் நின்ற பையனின் பெயர் லைல். தொப்பி கண்ணை மறைக்கிற பையன். அடித்த பந்து எதிரணிக்காரனின் கால் இடுக்கில் புகுந்து பின்னால் போய்விட்டது. லைல் ஓடி வருகிறான், ஊரே எழுந்து நின்று கூச்சல் போடுகிறது. மூன்றாவது பேஸுக்கு வெளியே, ஒரு சாண் தள்ளிக் கால் வைத்தான். மிதிக்கவில்லை. அப்படியே ஹோமுக்கு வந்து சமன் செய்துவிட்டான்.

நான் பார்த்தேன் அக்கா. என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை. எதிரணிக் கோச் பந்தை விட்டவனைத் திட்டிக்கொண்டிருந்தார். "கண்ண எங்கடா வச்சிருந்த? மத்தியானம் தின்ன பன்னுலயா?" என்று. நான் மனசுக்குள் கத்துகிறேன். கேளுய்யா, அவனைத் திட்டினது போதும், என்னைக் கேளு. வாயைத் திறக்க முடியாது. திறந்தால் லைல் ஊர் என்னைக் கொல்லும். அதைவிட, நீ எழுதின பத்தாவது ஆள் ஞாபகம் வந்தது. பிட்சர் கைக்குப் பந்து வந்துவிட்டது. அவன் அடுத்த பந்தைப் போட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது.

அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, தொப்பியைக் கழற்றிக் குனிந்து, தரையில் பதித்திருக்கிற ஹோம் பிளேட்டைத் துடைத்தேன். அதில் தூசியே இல்லை. மறுபடியும் துடைத்தேன். கேட்சர் பையன் கேட்டான், "சார், பளபளன்னு தான இருக்கு? இதுல சாப்பிடப் போறீங்களா?"

அந்த இடத்தில், குனிந்தபடியே, எனக்கு விளங்கிவிட்டது.

போன ஜூலை டென்னி ஹோமுக்கு வந்து, ஆட்டம் முடிந்து, வில்லோ பெண்ட் பையன்கள் ஒருவன் மேல் ஒருவன் விழுந்து குதித்துக்கொண்டிருந்தார்கள். நீ குனிந்து பிளேட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாய். துடைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாய், மறுபடியும் குனிந்து துடைத்தாய். அன்றைக்கு வேறு ஆட்டம் கிடையாது. இவளுக்கு என்ன கிறுக்கு என்று மனசில் நினைத்துக்கொண்டு, நான் பையன்களைத் தள்ளிக்கொண்டு லாரிக்குப் போய்விட்டேன். ஆட்டம் முடிந்த மைதானத்தில் எந்த அம்பயர் பிளேட்டைத் துடைப்பாள்? நீ எனக்காகக் காத்திருந்தாய். ஒரு ஜாடை இல்லை என்று எழுதினேனே, என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பக்கத்து ஊர்க்காரர்கள் கேட்கவே இல்லை. பிட்சர் பந்தைப் போட்டான். லைலின் ஓட்டம் செல்லுபடியானது, அப்புறம் இன்னொரு ஓட்டமும் எடுத்து லைலின் அணி ஜெயித்தது. லைலைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். யாருக்கும் துரோகம் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை, நன்றாகத் தூங்கினேன்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், இவ்வளவு எழுதியாகிவிட்டது. ஜூலையில் எழுந்து போனது பேஸுக்காகத்தான், ஆனால் ஊரை விட்டே கிளம்பினது அதற்காக இல்லை. மார்ச்சில் நீ கல்யாணம் என்றதும், இனிமேல் ஞாயிற்றுக்கிழமை அடுப்புக்குப் பக்கத்து நாற்காலியில் அவர்தானே உட்காருவார், நான் எங்கே போவது என்று தோன்றியது. ஐம்பது வயது ஆள் இதை வெளியே சொல்ல முடியுமா? இரண்டாவது பேஸைத்தான் சொல்ல முடியும்.

கல்யாணம் என்றைக்கு, எத்தனை மணிக்கு, எந்தத் தேவாலயம், என்ன நிறக் கவுன், எல்லாம் எழுதினாய். ஒன்று மட்டும் எழுதவில்லை. எல்லாக் கடிதங்களையும் எடுத்து மறுபடி படித்துப் பார்த்துவிட்டேன். 'வா' என்று நீ ஒரு இடத்திலும் எழுதவில்லை.

இந்த வாரக் கடைசியில் மொன்டானா போகிறோம்.

உன் தம்பி,
ஹார்லன்


டன்வுட்
ஆகஸ்ட் 10

என் தம்பிக்கு,

ஆட்டம் முடிந்த பிறகு நான் அங்கே நின்றது விதி. உங்கள் பையன்கள் மைதானத்தை விட்டுப் போகிற வரைக்கும் அம்பயர் நகரக் கூடாது. ஆனால் துடைக்கச் சொல்லி எந்த விதியும் இல்லை. நின்றது அம்பயர். துடைத்தது உன் அக்கா. அதற்காக இரண்டு மூன்று ராத்திரி எனக்கு மனசு உறுத்தியது உண்டு, யாரிடமும் சொன்னதில்லை. நீயாகக் கண்டுபிடித்தாய். கடிதத்தைப் படித்துவிட்டு சமையலறையில் உட்கார்ந்து நன்றாக அழுதேன், அப்புறம் அந்தக் கேட்சர் பையன் கேட்டதை நினைத்துச் சிரித்தேன்.

நான் துடைத்ததை அன்றைக்கு ஒரு ஆள் கவனித்துவிட்டார். நீ இல்லை. நீ லாரியில் ஏறிக்கொண்டிருந்தாய். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ஆல்வின் என்னிடம் வந்தார். முகத்தில் ஜெயித்த களை இல்லை.

"ஏங்க, பிளேட்டுல தூசியே இல்ல. தொடச்ச எடத்தையே தொடச்சிட்டிருந்தீங்க. எங்க பையன் எந்த பேஸ விட்டான்?"

கேட்டுவிட்டாரே. கேட்டால் சொல்லத்தானே வேண்டும். "ரெண்டாவது" என்றேன். மனுஷன் முகம் வெளுத்துப் போய்விட்டது. கோப்பையை உன் வீட்டில் கொண்டு போய்க் கொடுத்துவிடுகிறேன் என்றார். அது விதி இல்லை, அவர்கள் கேட்கவில்லை, ஜெயித்தது ஜெயித்ததுதான், உங்கள் பையனுக்குக் காலைப் பார்த்து ஓடச் சொல்லிக்கொடுங்கள் என்றேன். மறுநாள் காலையில் மொத்த அணியையும் நிற்கவைத்து, ஒவ்வொரு பேஸாக நடந்து மிதிக்க வைத்தாராம். அதைச் சொல்வதற்கென்று என் வீட்டுக்கு வந்தார். அடுத்த வாரம் வேறு ஏதோ சொல்ல வந்தார். அப்புறம் சொல்ல ஒன்றும் இல்லாமலேயே வந்தார். உன் அப்பீலுக்காகத் துடைத்தேன், எனக்கு வந்து சேர்ந்தது ஒரு மாப்பிள்ளை. இதில் யார் மேல் யார் கோபித்துக்கொள்வது?

நீ மார்ச்சில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் இதெல்லாம் அன்றைக்கே தெரிந்திருக்கும். நானும் சொல்லியிருக்கலாம். நீ கேட்கட்டும் என்று நான் உட்கார்ந்திருந்தேன், பிளேட்டைத் துடைத்துக்கொண்டு.

நான் 'வா' என்று எழுதவில்லைதான். மற்றவர்கள் வந்து என்னிடம் கேட்பதுதான் எனக்குப் பழக்கம், நான் கேட்டுப் பழக்கமில்லை. கேட்டு நீ மாட்டேன் என்றுவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. இப்போது கேட்கிறேன். அப்பீல் என்றால் முறையாக இருக்க வேண்டும், ஆளையும் சொல்ல வேண்டும், பேஸையும் சொல்ல வேண்டும். ஆள், ஹார்லன் க்ரோகர். பேஸ், என் சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிற நாற்காலி. போன ஜூலையிலிருந்து அவன் அதைத் தொடாமல் ஊர் ஊராக ஓடிக்கொண்டிருக்கிறான். ஆல்வின் ஜன்னலோரம்தான் உட்காருவார், அவருக்கு அடுப்புச் சூடு ஆகாது, நான் கேட்டுவிட்டேன்.

அடுத்த பந்து 24ஆம் தேதி இரண்டு மணிக்கு. அதற்கு முன்னாலேயே கேட்டுவிட்டேன். நீ வா. வந்து என் பக்கத்தில் நட.

அக்கா


மொன்டானா
ஆகஸ்ட் 17

அக்கா,

அப்பீல் செல்லும். ஓட்டக்காரன் அவுட். அவுட்டானவன் மைதானத்தில் சுற்றக் கூடாது, வீடு வந்து சேர வேண்டும். புதன்கிழமை பஸ் ஏறுகிறேன், வெள்ளிக்கிழமை சாயங்காலம் அங்கே இருப்பேன். ஆரினிடம் சொன்னேன். "போய்ட்டு வா. அக்கா கல்யாணத்துக்குப் போகாதவன் ஓட்டுற மெஷின்ல எனக்கு நம்பிக்கை இல்ல" என்றான்.

ஆல்வினிடம் சொல், வருகிற வருஷம் டன்வுட்டுக்கு நான்தான் கோச். என் பையன்கள் இனிமேல் பந்தைப் பார்க்க மாட்டார்கள், அவருடைய பையன்களின் காலைத்தான் பார்ப்பார்கள்.

ஒரு சந்தேகம். பெண்ணை அழைத்து வருகிறவன் எந்தப் பக்கம் நடக்க வேண்டும்? பீடத்துக்குப் பக்கத்தில் போய் நானும் மாப்பிள்ளையும் ஒரே பேஸில் ஏறி நின்றுவிடப் போகிறோம். அப்படி ஆனால் என்னை விரலால் சுட்டி, தொண்டை கிழிய ஒரு வார்த்தை சொல்லிவிடு, இறங்கிவிடுகிறேன்.

அன்றைக்குச் செர்ரி கேக்கைத் தொடாமல் எழுந்து போனேன். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று செய்து வை. கேட்கிறேன்.

ஹார்லன்